குளிர் விட்டுப் போச்சு

டிசம்பர் 2, திங்கள்

வண்டிச் சத்தத்தையும் மீறி, ஹெல்மெட்டுக்குள் என் பல் தந்தியடிப்பது எனக்கே கேட்டது. முதல் வீட்டு வாசலில் நிறுத்தியபோது விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம். அழைப்பு மணியை முழங்கையால் அழுத்தினேன்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற என் வேலைக்குக் குளிர்காலம் ஜென்ம விரோதி. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதெல்லாம் விடிந்தும் விடியாமலும்தான் எடுத்தாக வேண்டும். முதல் வீட்டில் வாட்டசாட்டமான ஒரு மனிதர். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தைரியமாகத்தான் உட்கார்ந்தார். நரம்பு பார்க்க விரலை வைத்தேனோ இல்லையோ, "ஐயோ!" என்று துள்ளினார்.

"இன்னும் ஊசியே எடுக்கலை சார்."

"ஊசி எவ்வளவோ தேவலாம்மா. உங்க கையைத்தான் தாங்க முடியலை."

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 4, புதன்

புதன்கிழமை என்றால் பாட்டு டீச்சர் வீடு. இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால் வாரா வாரம் அளவு பார்க்க வேண்டும். அவர் நரம்பு சாதாரண நாளிலேயே கண்ணாமூச்சி ஆடும். இன்று என் விரலும் மரத்துக் கிடந்தது. ஒரு குத்து — இல்லை. இன்னொரு குத்து — அதுவும் இல்லை. கடைசியில் புறங்கையில் எடுத்தேன். டீச்சர் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மருமகளின் முகம்தான் கடுகடுவென்று ஆனது.

கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள் என்று பேர் வாங்கியவள் நான். எனக்கா இந்த நிலைமை?

டிசம்பர் 5, வியாழன்

மருமகள் லேபுக்கு போன் செய்துவிட்டாள். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தக் குளிர்ல உங்களுக்கு எதுக்கு மோட்டார் சைக்கிள்? பேசாம கவுண்டர்ல உட்காருங்க. பேரு, வயசு எழுதி ரசீது குடுத்தாப் போதும். உங்க வயசுக்கும் அதுதான் நல்லது."

"வேண்டாம் சார். நான் ரவுண்டுக்கே போறேன்."

"சொன்னா யாரும் கேக்கறதில்லை. வர வர எல்லாருக்கும் குளிர் விட்டுப் போச்சு!"

"எங்கே சார் விட்டுச்சு? விட்டா நான் ஏன் இங்கே வந்து நிக்கப் போறேன்?"

சத்தியமாகக் குறும்புக்குச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் 'குளிர்' என்று காதில் விழுந்தால் எனக்கு ஒரு குளிர்தான் தெரிந்தது. பயம் விட்டுப் போச்சு என்கிறார் என்பது, கவுண்டர் பெண்கள் குபீரென்று சிரித்த பிறகுதான் உறைத்தது. மேனேஜரின் காது மடல் சிவந்துவிட்டது. "இன்னொரு புகார் வரட்டும். மறுநாளே கவுண்டர்தான். அப்பீலே கிடையாது" என்றார்.

வயசாம் வயசு! நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா? வீட்டில் நான் அம்மா, லேபில் சிஸ்டர். நடுவில் வண்டியில் போகிற நேரம் மட்டும்தான் எனக்கே எனக்கு. வெயில் மெல்ல மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் போகிற நேரம். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

லேபில் போடுகிற ரப்பர் கையுறை, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் தோல். காற்றும் புகாது, பனியும் புகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே ஊறுகிற வியர்வை வெளியே போகாது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. அந்த ஈரமே பிறகு சில்லிட்டுப் போய், வெறுங்கையோடு போயிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

காலுக்கும் இதே கதை. மூன்று ஜோடி காலுறையைத் திணித்துக்கொண்டதில் ஷூ இறுகி, ரத்தம் ஓட வழியில்லாமல் கட்டை விரல் செத்தே போனது. ரத்த ஓட்டத்தைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவள் செய்கிற காரியமா இது?

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவையும் சுமந்துக்கிட்டு வண்டி நகருமா? எதுக்கும் நான் பின்னாலேர்ந்து தள்ளி விடட்டுமா?"

விரலைக் காட்டி மிரட்டலாம் என்றால் விரல் மடங்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரர் சோபா தைப்பவர். பட்டறைக்குப் பூட்டுப் போடுகிற ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இன்று ஊசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வண்டியைப் பார்த்தால், இரண்டு கைப்பிடிக்கும் உறை! உள்ளே கையை நுழைத்துக்கொண்டு ஓட்டலாம். ஏதோ சோபாவில் மிஞ்சிய மெரூன் வெல்வெட், அதில் தாம்பாளம் அகலத்துக்குப் பூ.

"என்னங்க இது, வண்டிக்குக் கல்யாணமா?"

"உட்கார்ற இடத்துக்கு மட்டும்தான் மெத்தையா? கைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

கடையில் காசு கொடுத்து வாங்கித் தந்திருந்தால் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அதை இவரிடம் சொல்லவில்லை. தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

டிசம்பர் 9, திங்கள்

வெல்வெட் உறைக்குள் கை சுகமாக இருந்தது, வேகம் எடுக்கும் வரை. எதிர்க்காற்று உறையை அமுக்க, உறை பிரேக்கை அமுக்க, வண்டி தன் இஷ்டத்துக்கு நின்றது. பின்னால் வந்த பால்காரர், "ஏம்மா, நடுரோட்டுல யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கே?" என்றார்.

இவரிடம் சொன்னால் நம்ப முடியாமல் பார்க்கிறார். உட்கார்ந்தால் அமுங்க வேண்டும் என்பதுதான் இவர் தொழிலின் பெருமையே. அமுங்காமல் தைக்கச் சொன்னால் பாவம், மனசு வரவில்லை. கடைசியில் உடைந்த பிளாஸ்டிக் வாளியை வெட்டி உள்ளே வைத்துத் தைத்தார்.

டிசம்பர் 10, செவ்வாய்

இப்போது உறை அமுங்கவில்லை. காற்றும் கைக்கு வரவில்லை. ஆனாலும் மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் விரல் மரத்துவிடுகிறது. ஏன்? இன்னும் என்னதான் போடுவது? நாளைக்கு டீச்சர் வீடு. மருமகளும் பக்கத்தில்தான் நிற்பாள்.

டிசம்பர் 11, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து, நரம்பு எழும்பட்டும் என்று கையைப் பரபரவெனத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரிடமும் சொல்கிற வசனத்தையே அவரிடமும் சொன்னேன். "கையை மட்டும் தேய்ச்சுப் பிரயோஜனமில்லை டீச்சர். போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்குங்க, கழுத்தை மூடுங்க. நெஞ்சு குளிர்ந்தா உடம்பு ரத்தத்தை உள்ளேயே வச்சுக்கும், கைக்கு அனுப்பாது."

டீச்சர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் குளிர் ஜாக்கெட்டையே பார்த்தார். ஜிப் போன வருஷமே போய்விட்டது. நெஞ்சில் இரண்டு ஊக்கு, கழுத்து திறந்த வீடு.

"ஊருக்கெல்லாம் சொல்றியேம்மா, உனக்கு மட்டும் நெஞ்சு கிடையாதா?"

குனிந்து ஊக்கைப் பார்த்தேன். தினமும் என் வாயாலேயே சொல்கிறேன்! கைதானே குளிர்கிறது என்று கைக்கே மேல் மேலாக மாட்டிக்கொண்டு, நெஞ்சைக் காற்றுக்குத் திறந்து வைத்திருந்திருக்கிறேன். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமலே மருமகள் வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். என் கையை அதில் வைத்து, நன்றாகத் துடைத்து, ஒரே குத்தில் எடுத்தேன். போகும்போது மருமகள், "அன்னைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் சிஸ்டர்" என்றாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

டிசம்பர் 12, வியாழன்

ஜாக்கெட்டில் சோபா மெத்தை உறையின் ஜிப் ஏறிவிட்டது. இழுத்தால் வீதிக்கே கேட்கிறது. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் நேற்றைய செய்தித்தாள், இரண்டாக மடித்து. காற்றை நிறுத்த அதை மிஞ்சியது இல்லை என்று பால்காரர் சொன்னார். கையில் ஒரே ஒரு கையுறை, காலில் ஒரு ஜோடி காலுறை.

கடைசி வீடு வரை விரல் என்னுடையதாகவே இருந்தது!

டிசம்பர் 13, வெள்ளி

குனிந்தாலும் நிமிர்ந்தாலும் நெஞ்சு சரசரக்கிறது. வாட்டசாட்ட மனிதருக்கு இன்று மறுபடியும் பரிசோதனை. சத்தத்தைக் கேட்டுத் திருதிருவென விழித்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கம்மா, தலைப்புச் செய்தியாவது பார்த்துக்கறேன்" என்றார். அவர் மனைவி அவர் தலையில் ஒன்று போட்டாள்.

துள்ளவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 14, சனி

எல்லா வீட்டிலும் ஒரே குத்து. எல்லா வீட்டிலும்!

டிசம்பர் 18, புதன்

பனியில் புல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. அப்படி ஒரு குளிர். எனக்கோ வண்டியை விட்டு இறங்கவே மனசில்லை. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றதையும் மறந்து பாட, பக்கத்து ஸ்கூட்டர்காரர் பச்சை விழுந்த பிறகும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரிடம் சொன்னேன். "எங்கே, பாடிக் காட்டு" என்றார். ஒரு வரி பாடினேன். கையை என் பக்கம் நீட்டி, "நீ ரத்தமே எடும்மா" என்றார்.

ஜனவரி 3, வெள்ளி

நேற்று கவுண்டர் பெண் வந்து காதோடு சொன்னாள். "காலையில மேனேஜர் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகணுமாம். உங்களைத்தான் அனுப்பணும்னு சொல்லிட்டாரு."

இரவெல்லாம் என்னைச் சோதிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர் இன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்? போனால், மேனேஜர் லுங்கியும் ஸ்வெட்டருமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் வியர்வை. கையை என் பக்கம் நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் கையுறையைக் கழற்றி, நரம்பைத் தொட்டுப் பார்த்து, வேலையைப் பார்த்தேன்.

"குத்தறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றார், சுவரிடம்.

"சார்..."

"இருங்க இருங்க. நானே சொல்றேன். இன்னும் கொஞ்சம்..."

அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுந்திருங்க! அவங்க பஞ்சையே ஒட்டி முடிச்சாச்சு."

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார். வாசல் வரை கூடவே வந்தார்.

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு ஊசின்னா பயம். லேப்ல யாருக்கும் தெரியாது."

"என் வாயிலேர்ந்து வராது சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "கவுண்டருக்கு வேற ஆள் போட்டுடறேன். இங்கே மாசாமாசம் நீங்களே வந்துடுங்க."

லேபுக்குக் குறுக்கு வழி இருக்கிறது. இன்று அதில் போகவில்லை.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். லேபில் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரர் லேபில் வேலை பார்க்கவில்லை. ஆகவே இவரிடம் சொன்னது கணக்கில் வராது. பக்கத்து அறையிலிருந்து இவர் சிரிக்கிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.