ஆறு மணி பத்து நிமிடம்

சுவா சூ காங்,
புதன்கிழமை, பிற்பகல்.

அன்புள்ள மகன் கீதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகள் வினுஷாவும் மெல்பர்னில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கத்தான் அவரால் முடியவில்லை. காலையில் கீழே இறங்கினால் பக்கத்து புளோக், அதற்கடுத்த புளோக் என்று நடந்துகொண்டே இருக்கிறார். நானும் இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். போனில் பேசினால் நீ அங்கத்தைய குளிரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாய். நானும் ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எட்டு வருஷமாக அப்படித்தானே பேசுகிறோம்.

அக்காவைக் கொன்றவனைப் பற்றிய டிவி தொடர் அடுத்த மாதம் வருகிறது. பஸ் நிறுத்தங்களில் எல்லாம் படம் வைத்துவிட்டார்கள். மஞ்சள் மழைக்கோட்டு, பாதி முகம். அப்போது பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர்தான் தலைப்பு, 'மழைக்கோட்டுக்காரன்'. நம் எதிர் நிறுத்தத்திலும் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போக வேண்டும். இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.

போன சனிக்கிழமை மீன் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். அங்கே தேக்கா மார்க்கெட்டில் டீ குடிக்க உட்கார்ந்தால், எதிரே இரண்டு பெண் பிள்ளைகள் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆளு பாக்க நல்லாத்தான் இருக்கான் லா" என்றாள் ஒருத்தி. "ஜெயில்ல டிராயிங் எல்லாம் பண்றானாம், செம டேலண்ட்" என்று மற்றவள் சொன்னாள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை தம்பி. நான் எழுந்தபோது கீழே விழுந்த என் பையை எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போங்க ஆன்ட்டி" என்றார்கள். உன் அக்கா தனுஷிகாவின் பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். மீன் வாங்காமலே ரயில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தொடர் எடுக்கிறவர்களிடமிருந்து நிவேதிதா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னையும் கேமரா முன்னால் பேச வைக்க வந்திருந்தாள். "கீதன் ஏற்கனவே பேசிட்டாரு ஆன்ட்டி, போட்டோவும் அவருதான் கொடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். என் மகன் எனக்குச் சொல்லாமல் செய்தான் என்று ஒரு வெளி மனுஷியிடம் எப்படிச் சொல்வது?

ஆறு பாகத்தில் என் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நாலு நிமிஷம் என்றாள். மற்றதெல்லாம் அவனுடைய சின்ன வயசு, அவன் வரைந்த படங்கள், அவனுக்குக் கடிதம் எழுதுகிற பெண்கள். அந்த நாலு நிமிஷத்தைக் காட்டச் சொன்னேன். லாப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

கல்யாண வீட்டில் அக்கா சிரிக்கிற படம் வந்தது. பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு வரி சொன்னார்கள். நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கிழவர்களை அவள் மிரட்டி நடக்க வைத்ததை யாரும் சொல்லவில்லை. பிறகு நீ வந்தாய்.

அன்றைக்கு அவளை ஆறரைக்குக் கூட்டிப் போக வருவதாகச் சொல்லியிருந்தாயாம். பந்து விளையாடிவிட்டு ஏழேகாலுக்குத்தான் தஞ்சோங் பகாரில் அவள் வேலை செய்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாயாம். "ஆறரைக்கே போயிருந்தா அக்கா இருந்திருப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாய். எனக்கு இது தெரியாது தம்பி. அப்பாவுக்கும் தெரியாது. என் பிள்ளை எட்டு வருஷம் சுமந்ததை நான் ஒரு லாப்டாப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி நான் எழுதுவதை நிதானமாகப் படி. கொலை ஏழு மணிக்கு நடந்தது என்று எல்லாப் பத்திரிகையும் போட்டது. அது போலீஸ் வந்து சேர்ந்த நேரம். அவன் என்ன காலணி போட்டிருந்தான் என்பது வரைக்கும் சரியாக எழுதியவர்கள் இதைத் திருத்தவே இல்லை. விசாரணை அதிகாரி எங்களை உட்காரவைத்துச் சொன்னார், கோர்ட்டிலும் சொன்னார்கள்: ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவன் அந்தக் கட்டடத்தின் பின்வாசல் வழியாக வெளியே போவது கேமராவில் இருக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ ஆறரைக்குப் போயிருந்தாலும், ஆறேகாலுக்கே போயிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கீழே நின்ற நிருபர்களுக்குப் பயந்து கோர்ட் விசாரணைக்கு முன்பே உன்னை மெல்பர்னுக்குப் படிக்க அனுப்பிவிட்டோம். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று சொன்னவளும் நான்தான். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நேரத்தைத் திருத்தச் சொல்லி நிவேதிதாவிடம் கேட்டேன். "ஏழு மணின்னு வச்சு அந்த சீனை இருட்டுல எடுத்தாச்சு ஆன்ட்டி, டைரக்டர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்றாள். நீ அழுவதையாவது எடுத்துவிடச் சொன்னேன். அதை நீ சொன்னால்தான் முடியுமாம். அந்த நாலு நிமிஷமே வேண்டாம் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அதையும் எடுத்துட்டா, அவன் மட்டும்தான் ஆன்ட்டி இருப்பான்" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அழுதபோது படம் எடுத்த அந்த அறையில் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. ஒருவர்கூட உன் தோளில் கை வைக்கவில்லை. என்னை அறியாமல் நான் கையை நீட்டித் திரையில் உன் முகத்தைத் தொட்டேன். கை பட்டதும் படம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் மறுபடியும் ஓடவிடப் பார்த்தாள். போதும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். ஒரு வாரம் போதும். சிலோன் ரோட் கோயில் பிள்ளையார் உன்னையும் வினுஷாவையும் காக்கட்டும். வா தம்பி.

உன் அம்மா,
கமலாம்பிகை