பெரிய வெள்ளியன்று அப்பா விட்டுவந்த செருப்பு

ரெங்கம், மலேசியா,
திங்கட்கிழமை

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் தயவில் இங்கே எனக்குச் சுகம், உங்கப்பாவுக்குச் சுகம், அவருடைய பிடிவாதத்துக்கும் போன வெள்ளிவரை நல்ல சுகம். அயர்லாந்துக் குளிரில் நீ காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாகத் திரிவாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் இந்தக் கோழிக் கிறுக்கல் என்று கேட்பாய், போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்கிறார், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை மடித்து வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, சுகந்தினியிடம் காட்டிச் சிரிக்காதே, வரப்போகிற மாமியாருக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

நீங்கள் இருவரும் சர்ச்சில்தான் கல்யாணம் என்று சொன்ன நாளிலிருந்து உங்கப்பாவுக்கு, அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன் என்று ஒரே பாட்டு. உனக்கு, அப்பா வராமல் தேதி வைக்க மாட்டேன் என்று இன்னொரு பாட்டு. நடுவில் மத்தளம் நான். அப்போதுதான் சுகந்தினியின் அம்மா கோமளா போன் அடித்து, பெரிய வெள்ளிக்கு ஜோகூர் பாருவுக்கு வாங்கோ, ஒருக்கா எங்கட கோயிலையும் பாருங்கோ என்றார். பிஷப்புடைய சர்ச்சாம், பேராலயம் என்று சொல்ல வேண்டுமாம். முன்போல இங்கே வெள்ளிக்கிழமை லீவு இல்லையே, உங்கப்பா அரைநாள் லீவு போட்டார். வண்டி ஓட்ட மட்டும்தான் வர்றேன், காருக்குள்ளயே இருப்பேன்லா என்று ரெங்கத்தில் கிளம்பியதிலிருந்து மூன்று தரம் சொன்னார், நான் ஒருதரமும் கேட்கவில்லை.

நான் பண்டிகைதானே என்று சிவப்புப் பட்டு, தலை நிறைய மல்லிகை, ஒரு டப்பா கேசரி என்று போனேன். அங்கே எல்லாரும் கறுப்பும் வெள்ளையுமாக முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள். ஏசு சாமி உயிர்விட்ட நாளாம், எல்லாருக்கும் ஒருசந்தி விரதமாம். கோமளா கேசரியை வாங்கிப் பைக்குள் வைத்து, ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புக்குச் சாப்பிடுவம் என்றார், என் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் பாதர் வந்தார் பார், அவர் அங்கியும் சிவப்பு. அத்தனை கூட்டத்தில் நானும் அவரும்தான் சிவப்பு, எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூன்று மணி வெயில், காருக்குள் எத்தனை நேரம் மனுசன் வேகுவார். பாதிப் பூசையில் திரும்பினால் கடைசி பெஞ்சில் உங்கப்பா. கோயில் பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அத்தனை பேரும் சப்பாத்து, இவர் ஒருத்தர் வெறுங்கால். யாரோ ஒரு பிள்ளை உற்றுப் பார்த்ததும் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர்கள் யாழ்ப்பாணத்தார், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி பரம்பரை, நாம் பால்மரம் வெட்டிய குடும்பம். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாரே, அதே முகம். அவருடைய கோபம் சாமி மேல் இல்லை தம்பி, அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே போய் நிற்பது என்கிற கூச்சம்.

பிறகு சிலுவையைக் கும்பிடுகிற நேரம். பாதர் மேலங்கியைக் கழற்றினார், குனிந்து சப்பாத்தையும் கழற்றினார், வெறுங்காலோடு நடந்துபோய் முட்டி போட்டுச் சிலுவைக்கு முத்தம் கொடுத்தார். வருசத்தில் இந்த ஒரு நாள் மட்டும் அப்படியாம். நான் திரும்பிப் பார்க்கிறேன், உங்கப்பா பெஞ்சுக்கு அடியிலிருந்து காலை வெளியே எடுத்து நீட்டி வைத்திருக்கிறார். அடுத்து சனங்கள் வரிசை பிடித்தபோது அவரும் எழுந்தார், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நிமிர்ந்து நடந்தார், முத்தம் கொடுக்கத் தெரியாமல் சிலுவையின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோமளா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் மணி அடிக்கவில்லை, எல்லாரும் வாய் திறக்காமல் வெளியே போக வேண்டுமாம், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அந்த அமைதியில் உங்கப்பா அப்படியே போய்க் காரில் ஏறிவிட்டார். கூலாய் டவுன் தாண்டித்தான் பிரேக்கில் இருந்த காலைப் பார்த்து, அலமாக், ஐயோ செருப்பு என்றார். போன் அடித்தால் கோமளா அதை எடுத்து வீட்டுக்கே கொண்டுபோயிருக்கிறார், தபாலில போடவோ என்று கேட்டார். உங்கப்பா போனை என் கையிலிருந்து பிடுங்கி, வேணாங்க சம்பந்தியம்மா, அங்கயே கெடக்கட்டும், தேதி வைக்க வர்றப்ப நானே போட்டுக்கிறேன் என்றார். சம்பந்தியம்மா என்று அவர் வாயால் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். இப்போது பிய்ந்த சிலிப்பரோடு திரிகிறார், புதுசு வாங்குங்கள் என்றால், அங்க ஒரு ஜோடி இருக்குல்ல என்கிறார். அதனால் சீக்கிரம் தேதியைப் பார், உன் அப்பா காலை நினைத்தாவது.

மிளகாய்த்தூளில் ஈரக் கரண்டி போடாதே. இதை நான் எழுதியதாக அவரிடம் மூச்சு விடாதே. மாரியம்மனும் ஏசு சாமியும் பேசிவைத்துக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். வரும்போது அப்பாவுக்கு நல்ல சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வா. போட்டுக்கொள்ள இல்லை, கல்யாணத்தன்று வாசலில் கழற்றி வைக்க.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
யோகேஸ்வரி