இருபது அங்குலம்

ஜூன் 11, 1985. செவ்வாய்.

காலையிலேயே புழுக்கம். தெர்மல் ஸ்டேஷன் புகை காற்றில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, காயப்போட்ட வெள்ளைப் புடவையெல்லாம் சாம்பல்.

இன்றும் அவர் என்னைத் தூக்கித்தான் காரில் உட்கார வைத்தார். கார் வந்து இருபத்தாறு நாள். எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜா தினமும் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்று பார்க்கிறாள். "அண்ணன மாதிரி தங்கமான மனுசன் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்க்கா." அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வருஷம் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு நானே போனவள். தோள் போயிற்று. இனிமேல் சுற்றாதே என்றார் டாக்டர். அதனால்தான் கார். ஆனால் இரும்புக் காலிபர் மாட்டிய போலியோ காலை வைத்துக்கொண்டு இந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை. காரை முன்பு வைத்திருந்தவர் பண்ருட்டிப் பலாப்பழ வியாபாரி. பழம் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை, முன்னால் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை. காராம் கார். பாதி லாரி.

டேப் வைத்து அளந்தேன். கார் சீட்டு தரையிலிருந்து 24 அங்குலம். ஆபீஸ் நாற்காலி 20. இருபதில் நானே உட்காருவேன், நானே எழுந்திருப்பேன். ஆக, நாலு அங்குலம் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

பால் கார்டு புதுப்பிக்க மறக்கக் கூடாது.

ஜூன் 13, வியாழன்.

விசாரித்ததில் மூன்று வழி.
1. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்துவிடுவது.
2. காஸ் வைத்துச் சூடுகாட்டி அமுக்குவது.
3. மெட்ராஸ் புதுப்பேட்டையில் குட்டை ஸ்பிரிங் ஜோடி வாங்கி மாட்டுவது.
எதைச் செய்தாலும் முன்னால் கட்டை, பின்னால் கூடுதல் பட்டை, இரண்டையும் கழற்ற வேண்டும்.

அவர் சொன்ன பதில்: அறுத்தால் தூக்கித் தூக்கிப் போடும். சூடுகாட்டினால் நாளாக ஆகத் தொய்ந்துவிடும். குட்டை ஸ்பிரிங் போட்டால் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும்.

"அப்ப என்னதான் பண்றது?"

"இப்ப என்ன அவசரம்? நான் இருக்கேன்ல."

மைன்ஸில் வீடு உயர மெஷினையெல்லாம் கழற்றி மாட்டுகிற ஃபோர்மேன். வீட்டில் ஒரு ஸ்பிரிங்கை முடிவுசெய்யத் துப்பில்லை.

ரசத்தில் உப்பு போடவில்லை. அவரும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 16, ஞாயிறு.

குள்ளஞ்சாவடி. காசி மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் காரிலேயே. இறங்க வேண்டுமென்றால் மறுபடி தூக்க வேண்டுமே.

இரண்டு பேரும் பின்பக்கம் குனிந்து பேசினார்கள். கண்ணாடி இறக்கியிருப்பது அவருக்கு நினைவில்லை போல.

"ஒரு இஞ்சு எறக்குனா போதும் மேஸ்திரி. அம்மா கேட்டா நாலுன்னு சொல்லிடுங்க."

கை எட்டி ஸ்டீரிங் நடுவில் இருந்த ஹாரனை அழுத்தினேன். விடவே இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

கைப்பையில் ஒரு நூல் வைத்திருந்தேன், இருபது அங்குலத்தில் முடிச்சுப் போட்டது. மேஸ்திரியிடம் நீட்டினேன். "தரையிலேருந்து சீட்டு இந்த முடிச்சுக்கு வரணும். நான் உக்காந்து எழுந்து பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்போம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சார், உக்காரப் போறது அவங்கதானே? அவங்க சொல்றதுதாங்க அளவு." பிறகு என்னிடம், "அறுக்கறது வாணாம்மா, குதிச்சிகினே போவும். மெட்ராஸ்லேருந்து குட்டை ஸ்பிரிங் வரவச்சிடறேன்" என்றார்.

இருபத்தாறு நாளில், இல்லை, முப்பத்தொரு நாளில் முதல் முறையாக ஒரு ஆள் இந்தக் காரைப் பற்றி என்னிடம் பேசினார்.

ஜூன் 17, திங்கள்.

நேற்று வடலூர் வழியே திரும்பினோம். வீட்டுக்கு வந்து கேட்டார். "நான் தூக்குறது உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

"பிளாக்கே பாக்குது."

"பாத்தா என்ன? நல்லாத்தானே சொல்றாங்க."

"உங்களத்தான் நல்லா சொல்றாங்க. என்னைய ஐயோ பாவம்ங்கிறாங்க."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று ராத்திரி தோன்றியது. காலையில் தோன்றவில்லை.

தூக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி.

ஸ்பிரிங் வந்தாயிற்றாம். ஆனால் ஜோடி சேரவில்லை, ஒன்று உயரம், ஒன்று குட்டை. திருப்பி அனுப்பியாயிற்று. சனியன்.

இதைச் சொல்லும்போது அவருக்கு உள்ளூர சந்தோஷமோ என்று முகத்தையே பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. ஆனால் சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டோம். அழுகை வந்தது. ஆபீசில் டைப் அடிக்க வேண்டிய இண்டென்ட் தாள் ஒன்பது, அடித்தது நாலு.

ஜூன் 23, ஞாயிறு.

சரியான ஜோடி நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில் வந்ததாம். காலையிலேயே போய்விட்டோம். மாட்ட மூன்று மணி நேரம்.

மேஸ்திரி அவரை ஸ்டீரிங்கில் உட்காரச் சொன்னார். "ஆளு உக்காந்தாத்தான் சார் வண்டிக்கு நெசமான ஒயரம்." நூலைப் பிடித்தார். முடிச்சுக்கு அரை அங்குலம் மேலே. முன் ஸ்பிரிங்குக்கு மேலிருந்த ரப்பரை மாற்றி மெல்லிசாகப் போட்டார். மறுபடி நூல். சரி.

கதவைப் பிடித்தேன். உட்கார்ந்தேன். காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தேன். எழுந்தேன். மூன்று தரம். மூன்றாவது தரம் தேவையே இல்லை, ஆசைக்கு.

திரும்பும்போது ஸ்கூல் பக்கத்து ஸ்பீடு பிரேக்கரில் சைலன்சர் உரசியது. "சொன்னேன்ல" என்றார். உரசட்டும்.

ஜூன் 24, திங்கள்.

ராத்திரி சிறு தூறல். ரோடு ஈரம், ஊன்றுகோல் வழுக்கும் என்று பயம்.

ஏழே முக்காலுக்கு வெளியே வந்தோம். அவர் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டு, பிறகு என் பையை வாங்கிக்கொண்டார். நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நானே ஏறினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். காலிபர் கதவில் இடித்தது, புடவை மாட்டியது, எடுத்துவிட்டேன். பிளாக்கே பார்த்தது. பார்க்கட்டும்.

சரோஜா கோலப்பொடிக் கிண்ணத்தோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். "என்னண்ணே, அக்காவ தூக்காம நிக்கிய? வீட்ல எதும் சண்டையா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. வந்து வண்டியை எடுத்தார். பிளாக் திரும்பியதும் கேட்டார். "சண்டை எல்லாம் இல்லன்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.