பல்லில் விழுந்த பள்ளம்

ஜூன் 3
மார்புப் புற்றுக்கு மருந்து ஏற்றும் முன் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பல் டாக்டர் வாய்க்குள் விளக்கை அடித்ததுமே, "தையல் வேலையாம்மா?" என்றார். முன்பல்லில் சின்னப் பள்ளமாம். இருபத்தாறு வருடம் நூலைக் கடித்துக் கடித்து விழுந்தது. "இனிமே கடிக்கக் கூடாது. ஊசியையும் வாயில வைக்காதீங்க. புண்ணுல கிருமி புகுந்தா மருந்து ஏத்துறதே தள்ளிப்போயிடும்." மொத்தம் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். முடித்துக் காட்டுகிறேன்.

ஜூன் 4
மகள் சின்னக் கத்தரிக்கோலை நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். மணி கட்டிய மாடு மாதிரி நடக்கிறேன்.

ஜூலை 5
இரண்டாவது மருந்து ஏறி எட்டு நாள். வாயெல்லாம் புண். ஆறிய பால்கூட எரிகிறது. குழந்தைகள் பிரஷ்ஷால் மெல்லத் துலக்குகிறேன். சாப்பிட்டதும் உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். மகள் விடுவதில்லை. "கொப்பளிச்சேன்னு பொய் சொல்லாத, டம்ளர் காஞ்சு கிடக்கு." யாருக்கு யார் அம்மா?

ஜூலை 14
பக்கத்து வீட்டுக்காரி அவசரமாகக் கேட்ட பள்ளிச் சீருடை. கத்தரிக்கோல் கழுத்தில்தான் தொங்கியது. கை போகவில்லை, வாய் போய்விட்டது. ஈறில் ரத்தம். மகளிடம் சொல்லவில்லை.

ஜூலை 17
காய்ச்சல். ஈறு பழுத்துவிட்டது. நாளை ஏற வேண்டிய மருந்து தள்ளிப்போச்சு. மகளிடம் சொல்லிவிட்டேன். "ஒரு நூலும்மா! ஒரே ஒரு நூலு!" என்று கத்தியவள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் என்ன பண்ணுவேன் — பழகின வாய். பாழாப்போன வாய்.

ஆகஸ்ட் 22
ஸ்கேன் வந்தது. கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது.
"அந்த நூலாலயா டாக்டர்?"
"இல்லம்மா. கட்டி மருந்துக்குக் கேக்கல. இனி ஏத்த வேண்டாம். வலி இல்லாம பாத்துக்குவோம்."

ஆகஸ்ட் 23
நூலால் இல்லையாம். ஒரு நேரம் நம்புகிறேன், மறு நேரம் முடியவில்லை.

செப்டம்பர் 9
வாய்ப்புண் சுத்தமாக ஆறிவிட்டது. மருந்து நின்றதில் வாய்க்கு மட்டும் நல்ல காலம். மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்து, முடிச்சுப் போட்டு, பழக்க தோஷம், நூலைக் கடித்துவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே அவள். என் கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலையும் பார்த்தாள். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.