307-ல் வாசம்

இன்று காலை 212-இன் கதவைத் திறந்ததும் உன் நெடி அடித்தது. சிகரெட், அதை மறைக்க அடித்த ஸ்பிரே, அதற்கும் மேலே நனைந்த டவல். மூன்றும் சேர்ந்தால் எனக்கு அது நீதான். அறையில் தங்கியிருந்தவர் ஈரோட்டிலிருந்து வந்த மருந்து கம்பெனி ஆள். "நான் சிகரெட்டே குடிக்கறதில்ல சார், சத்தியமா" என்கிறார். இப்போது லாபி சோபாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அபராதம் உண்டா இல்லையா என்று டியூட்டி மேனேஜர் சொல்ல வேண்டும். டியூட்டி மேனேஜர் நான்தான். சொல்லத் துப்பில்லாமல் பின்னறைக்கு வந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். உன்னைப் பற்றி நல்லதாக எழுத நிறையவே இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு நாள்தான் குறுக்கே வந்து நிற்கிறது.

பொன்மலை குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு நமக்கு. இரண்டு அப்பாக்களும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் ஒரே சங்குக்குச் சைக்கிளை எடுப்பார்கள். நமக்கு மட்டும் ரயில்வே வாய்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இந்த ஓட்டல் திறந்தபோது நான் ரிசப்ஷனுக்கு வந்தேன், நீ ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தாய். எந்த அறையிலும் புகைக்கக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே சட்டம். மீறினால் ஒரு நாள் வாடகை அபராதம். கூடவே, 'அறையில் புகை பிடித்தேன்' என்று படிவத்தில் கையெழுத்து. அறையை முகர்ந்து பார்த்து உண்டு, இல்லை என்று போன் செய்வது உன் வேலை. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தார்கள்.

'வாசம்' என்ற வார்த்தையும் நீ கொண்டு வந்ததுதான். "நாத்தம்னு சொன்னா கெஸ்ட் சண்டைக்கு வருவான். ஸ்மோக்னு சொன்னா நாலு பேர் திரும்பிப் பாப்பான். வாசம்னு சொல்லு மாப்ள, மல்லிப்பூ மாதிரி இருக்கும்" என்றாய். அதன்பிறகு எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம்.

உனக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் இல்லாமல் முடியாது. யூனிபார்மோடு தெருவில் நின்று பிடித்தால் மேனேஜர் பார்த்துவிடுவார். உன் சாவிக் கார்டால் அறையைத் திறந்தால் உன் பெயரில் கணக்கில் ஏறிவிடும். அதனால் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அஞ்சே நிமிஷம்டா" என்பாய். நான் என் லாகினில் காலி அறைக்கு ஒரு கார்டு போட்டுத் தருவேன். பாத்ரூமில் ஃபேனைப் போட்டு, கதவிடுக்கில் ஈர டவலை அடைத்து, ஒரு சிகரெட்டை முடித்துக்கொண்டு, வாயில் சோம்போடு திரும்பி வருவாய். உன் வீட்டில் அப்போது பெண்ணுக்கு மூன்று வயது, மாமியாருக்கு டயாலிசிஸ். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில். அது தெரிந்தும் கார்டு போட்டேன். உன்னிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எனக்கு வந்ததே இல்லை.

அந்த மார்கழியில் பெங்களூரிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவர் நெற்றியில் பளிச்சென்று திருமண். அந்த அம்மா கோபுரம் தெரிகிற அறையாகக் கிடைக்குமா என்று கேட்டார். அவர்களுக்கு எழுதியிருந்த அறையை மாற்றி 307-ஐக் கொடுத்தேன். அரை மணிக்கு முன்னால் நீ வெளியே வந்திருந்த அறை அது. நல்லது செய்கிற நினைப்பில் அதை மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்பும்போது நீ லாபியில் துணி வண்டியோடு நின்றாய். வெள்ளைத் துணி கணக்கு பார்க்கிற நாள் என்பதால் உனக்குப் பதிலாக அறை பார்க்க உன்னோடு வேலை பார்த்த மேரியக்கா போயிருந்தார். அவரிடமிருந்து போன் வந்தது. "சார், 307-ல வாசம். பாத்ரூம் வென்டிலேட்டர்ல துண்டு சிகரெட்டும் கிடக்கு."

மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். கேட்காமல் விட முடியாது. "சார், 307-ல வாசம்னு சொல்றாங்க..." என்று இழுத்தேன்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம். மூணு நாள் ஸ்ரீரங்க வாசம். பரம திருப்தி. எல்லாம் பெருமாள் கிருபை" என்றார்.

அவர் அகராதியில் வாசம் என்றால் தங்கியிருப்பது. மேனேஜருக்கு நம் அகராதி மட்டும்தான் தெரியும். "அவரே ஒத்துக்கிட்டாருங்க. ஃபார்மை எடுங்க" என்றார்.

படிவத்தைப் படித்ததும் பெரியவர் அதைக் கவுண்டரிலேயே திருப்பி வைத்தார். அந்த அம்மாதான் பேசினார். "வந்தன்னிக்கே ஏதோ நெடி இருந்தது. கோபுரம் தெரியறதேன்னு சொல்லாம விட்டுட்டோம். இவர் அந்தக் கர்மத்தைக் கையால தொட்டதில்லைப்பா."

"பணத்தை எடுத்துக்கோங்கோ. கையெழுத்து மாத்திரம் கேக்காதீங்கோ" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் அவர் நெற்றியையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்போது நீ வண்டியை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாய். வாயைத் திறந்தாய். நான் உன்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நீ நின்றுவிட்டாய்.

கையெழுத்து இல்லாவிட்டால் பரவாயில்லை, ரிசப்ஷனில் இருப்பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர். 'விருந்தினர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். பெரியவர் பணத்தை வைத்தார். அந்த அம்மா வாசலில் திரும்பி ஒரு முறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் காவிரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் மீதி சிகரெட்டுகளைப் பாக்கெட்டோடு நசுக்கினாய். "என் வேலையைக் காப்பாத்திட்ட மாப்ள. இனிமே தொட்டா என்னைச் செருப்பால அடி" என்றாய். சொன்னபடியே சாகும்வரை தொடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மணப்பாறை முறுக்கு டின்னோடு வந்து, "இவன் இல்லேன்னா நாம இல்ல" என்று உன் மனைவி முன்னால் சொல்வாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாய். உன் மனைவி இப்போது இதே ஓட்டலில் லாண்டரி பொறுப்பில் இருக்கிறார். என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். உன் பெண் என்னைப் பெரியப்பா என்கிறாள்.

'வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்' என்று அன்றைக்கு நான் எழுதிய வாக்கியம் என்ன ஆயிற்று தெரியுமா? புதுப் படிவத்தில் அச்சாகவே வருகிறது. கையெழுத்துப் போட மறுத்தால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போதும். ரிசப்ஷனில் இருக்கும் பெண் இப்போதுதான் எட்டிப் பார்த்து, "சார், அவருக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சாம். டிக் பண்ணிடவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். காரணம் கேட்டால் அந்தப் பெரியவரைச் சொல்ல வேண்டும். அவரைச் சொன்னால் உன்னைச் சொல்ல வேண்டும். உன்னைச் சொன்னால் லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் அந்த மனுஷி முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதுவும் சாக்குதான். உன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ ஓர் அடி எடுத்து வைத்தபோது உன் பெண் என் நினைவுக்கு வரவில்லை. உன் மாமியார் வரவில்லை. நீ வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி 'கார்டு யார் கொடுத்தது?' என்பதுதான். அது ஒன்றுதான் ஓடியது எனக்குள். நீ உன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த மனுஷனின் மானத்தைக் காப்பாற்ற வந்தாய். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைத் தடுத்தேன். அது தெரியாமல் எனக்கு வருஷா வருஷம் நன்றி சொன்னாய். நானும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஈரோட்டுக்காரரைப் போகச் சொல்லப் போகிறேன். பொய் சொல்கிறாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. நீ சொன்ன நன்றியைத்தான் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்டா.