சவுக்குக்குப் பின்னால் கடல்

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஃபேக்டரிக்கு லீவு. இவரோடு வேலூர், கண் ஆஸ்பத்திரி.

ஃபீல்டு டெஸ்ட். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். இவர் டக் டக்கென்று அமுக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி. டெஸ்ட் எடுக்கிற பெண் நிறுத்தினாள். “சார், லைட்டே வரல, நீங்க அமுக்கிட்டே இருக்கீங்க. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க.”

முப்பது வருஷம் பிள்ளைகளைக் காப்பியடிக்காதே என்று அதட்டிய கணக்கு வாத்தியார். முகம் சிறுத்துப் போய்விட்டது. என்னைப் பார்க்கவில்லை.

மறுபடி டெஸ்ட். கண்ணில் அழுத்தம். இரண்டு பக்கமும் ஓரப் பார்வை போய்விட்டதாம். நேராக இருப்பது மட்டும் தெரியும். போனது திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காக்க.

“எவ்ளோ நாளைக்கு டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா.”

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. அப்புறம் இவர்: “கடலை மேலருந்து பாக்கணும் சுகிர்தா. மெரினால கீழ நின்னு பாத்ததுதான். ஒரு தடவை மேலருந்து, முழுசா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 31, சனி

மகள் ஜெனியிடம் பேசினேன். விசாகப்பட்டினத்தில் நர்ஸ். (இனிமேல் ஜெ.)

“இங்க ஒரு எடம் இருக்கும்மா. ஃபாரஸ்ட்காரங்க வெச்சிருக்காங்க. கடலோரமா செம்மண் மேடு, அது மேலயே பாதை. படி கெடையாது, ஏத்தம் கம்மி. சின்னப் பசங்களே நடக்கறாங்க. கடைசில போய் நின்னா கடல் முழுக்கத் தெரியும்.”

எடுத்து வைக்க வேண்டியவை:
சொட்டு மருந்து 2 (ஐஸ் டப்பாவில்)
தொப்பி
ஜெ.க்கு மக்கன் பேடா, எலுமிச்சை ஊறுகாய்
இவருக்கு ஷூ!

ஷூ என்றால் அந்த ஷூ. எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஃபேக்டரியிலிருந்து ஜெர்மனிக்குப் போன மலையேற்ற ஷூ ஆர்டரில் மிஞ்சிய ஜோடி. ஸ்டாஃப் சேலில் வாங்கினேன். இவர் அளவு. ஃபைனல் செக்கிங்கில் நானே பார்த்துப் பாஸ் பண்ணியது. தையல் ஒன்று பிசகாது. நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பெட்டியோடு பீரோவில். நல்ல நாள் வரவே இல்லை. ஆம்பூரில் பாதி வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கும், காலில் ரப்பர் செருப்பு இருக்கும்.

போட்டுப் பார்த்தார். ஹாலில் நாலு நடை. “மெத்து மெத்துன்னு இருக்குது.” பெருமையாக இருந்தது. கட்டைவிரலால் ஷூவின் அடி சோலை ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாம். ஃபேக்டரியில் ஒரு நாளைக்கு எத்தனை சோல் அழுத்துகிறேன். (இந்தக் கடைசி இரண்டு வரி பிப்ரவரி 11இல் பக்க ஓரத்தில் எழுதியது.)

பிப்ரவரி 6, வெள்ளி. வி.பட்டினம்

வெயில், ஆனால் காற்று. ஜெ. டூட்டி முடிந்து வர மூன்று மணி. அப்புறம்தான் கிளம்பினோம். கேட்டில் காவலர், ஐந்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும் என்று தெலுங்கில் கறாராகச் சொன்னார்.

பாதை உண்மையிலேயே சுலபம். சிவப்பு மண், இரண்டு பக்கமும் முந்திரிப் புதர். இவர் என் தோளில் கை வைக்கவில்லை. ஓரம் தெரியாததால் காலால் தடவித் தடவி, ஆனாலும் தானாகவே நடந்தார். “இந்த ஷூ நல்லா புடிக்குது,” என்றார். கடல் சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்கச் சவுக்குத் தோப்பு.

பாதி தாண்டியிருப்போம். பின்னால் வந்த ஜெ., “அப்பா, நில்லுப்பா.” மண்ணில் கறுப்பாகத் துண்டு துண்டாக. குனிந்து எடுத்தேன். விரலில் பொடிந்தது. சோல். இடது கால் ஹீல் முழுசும் உதிர்ந்துவிட்டது, வலது கால் வாய் பிளந்து நிற்கிறது.

பி.யு. சோல், நுரை மாதிரி பிளாஸ்டிக். போட்டு நடந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். மூடி வைத்தால் காற்று ஈரத்திலேயே இற்றுப்போகும். எனக்கு இது தெரியும். புதுப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

என் துப்பட்டாவால் கட்டிப் பார்த்தேன். பத்தடி தாங்கவில்லை. வெறுங்காலில் நடக்கிறேன் என்று நடந்தார், குதிகாலில் முள். ஜெ. ஓடிப்போய்ச் செருப்பு வாங்கி வரட்டுமா என்றாள். மணி நாலரை. தூரத்தில் காவலரின் விசில். என் கால் செருப்பு அவருக்குப் பாதிப் பாதம். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அழுதேன். வேறென்ன செய்ய.

இவர் எழுந்து சவுக்குப் பக்கம் திரும்பி நின்றார்.

“தெரியுது சுகிர்தா,” என்றார். “நல்லாத் தெரியுது. அழகா இருக்குது.”

ஜெ. வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு. ரயிலில்

நேற்றும் ஜெ.க்கு டூட்டி. இவர் கால் வீக்கம். எங்கும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நேராக இருப்பது இவருக்குத் தெரியும். பஸ் நம்பர் படிக்கிறார். அப்படியானால் அந்தச் சவுக்கு மரங்களும் தெரிந்திருக்கும், ஒவ்வொன்றாக. மறைக்கிறது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். எனக்காக.

கேட்டுவிடலாமா? கேட்டு? மேல் பெர்த்தில் யாரோ குறட்டை.

பிப்ரவரி 11, புதன்

ஃபேக்டரி. செக்கிங் டேபிளில் பக்கத்து இடம் ஷபானா. அவளிடம் மட்டும் சொன்னேன்.

“இன்னாக்கா, நீயா? எட்டு வருஷமா பொட்டில வெச்சிருந்த?”

“ஆமா.”

“போட்டுத் தேச்சிருக்கலாம்ல. கண்ணு நல்லா இருந்தப்பவே எங்கயாச்சும் இட்டுனு போயிருக்கலாம்.”

மனசில் ஒன்றும் வைக்காமல்தான் சொன்னாள். கேன்டீனில் காலண்டரைப் புரட்டினேன். அடுத்த லீவு மே மாதம்தான். மே மாதத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாது.

மதியம் ஒரு ஜோடியை இரண்டு முறை பாஸ் பண்ணிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை மேகமூட்டம். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் எல்லாரும் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள். டூர் எப்படி வாத்தியாரே?

“ஃபர்ஸ்ட் கிளாஸ். மேலருந்து பாத்தா கரை அப்படியே வளைஞ்சு போவுது. தண்ணி ஓரத்துல ஒரு நிறம், உள்ள போவப் போவ வேற நிறம். படகெல்லாம் எள்ளு மாதிரி.”

இன்னும் என்னென்னமோ. கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு கற்பனை இருக்கும் என்று கல்யாணமான இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

“இந்தக் கண்ணோட எப்படி நடந்தீங்க?” என்று குருவானவர் மனைவி கேட்டார்.

“இவ ஃபேக்டரி ஷூ, அம்மா. இவளே பாத்துப் பாஸ் பண்ணது. கால்ல இருக்கறதே தெரியல.” தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். “கடல் முழுசாத் தெரிஞ்சுது. இல்ல சுகிர்தா?”

“ஆமாங்க,” என்றேன்.

லைட்டே வரவில்லை. நானும் பட்டனை அமுக்கிவிட்டேன்.