வரிக்கு ஒரு பிழை

9 அக்டோபர் 1983, ஞாயிறு

அண்ணன் உக்கிரபாண்டி, மலைமேல் மெட்டில் இருக்கும் ஏலத் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து இந்த வாரத் தாள்களைத் தந்தார். அறுபது நாள் சோதனையில் நாற்பத்திரண்டு முடிந்தது.

தினமும் காலை ஏழு மணிக்குப் போடியில் மூட்டை அடுக்கும் ஏலக்காய்க் கிட்டங்கியிலிருந்து தோட்டத்து வயர்லெஸ்ஸில் எண்களை அனுப்புகிறேன். உயர்ந்த ஒலி ஒன்று, தாழ்ந்த ஒலி சுழியம். மேலே நான் செய்த பெட்டியில் விளக்கு எரிவதைப் பார்த்து அண்ணன் எழுதுகிறார். வரிக்குப் பதினைந்து எண். அதில் நான்கு காவல் எண்கள். வழியில் ஒன்று மாறினால் எது என்று காவல் காட்டிக்கொடுக்கும். இரண்டு மாறினால் முடியாது. இடி நாளில் வரியைச் சுருக்கிக் காவலைக் கூட்டுகிறேன். நாளுக்கேற்ப வளையும் குறியீடு. டிசம்பரில் மதுரையில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் திருந்திருச்சா பேச்சி?"

"எல்லாமே, அண்ணே."

என்னைப் படிக்க வைக்கச் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான்.

12 அக்டோபர்

எல்லாம் சரியாக இருப்பது ஏன் உறுத்துகிறது?

14 அக்டோபர்

தாள்களைத் தரையில் பரப்பினேன். முதல் இரண்டு நாள் தவிர எந்த வரியிலும் இரண்டு பிழை இல்லை. போன மாதம் இடி கொட்டிய நாளிலும் வரிக்கு ஒன்றுதான். ஒரு வரியில் நான்காவது, அடுத்ததில் ஒன்பதாவது, பிறகு பதினான்காவது. ஏலச்செடிக்குக் குழி அளந்து வெட்டியது போல.

மின்னல் அளந்து விழாது. கை அளக்கும்.

சரிபார்க்க என்று, அனுப்பும் எண்களின் நகலை உறையிலிட்டு நானே அவரிடம் கொடுத்திருக்கிறேன். "பிரிக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லி.

முதல் இரண்டு தாள்களில் பிழைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. அண்ணனுக்குப் பழக்கமில்லை என்று அவற்றை ஒதுக்கியதும் நான்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "கூடப்பொறந்தவனப் போயி சந்தேகப்படுவாளா ஒருத்தி."

17 அக்டோபர்

விடியுமுன் தோட்டக் கூலிகளின் ஜீப்பில் ஏறினேன். கிட்டங்கியில் காய் பொறுக்கும் அன்னக்கொடியிடம், எனக்குப் பதிலாக எண்களைப் பொத்தானில் அழுத்தச் சொல்லியிருந்தேன்.

பெட்டியின் மேல் சாக்கு. வயர்கள் தொங்கின. பேட்டரி இல்லை. ஏழு மணிக்கு வயர்லெஸ்ஸில் ஒலி ஏறி இறங்கியது. எழுத ஆளில்லாத அறை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பேட்டரிய மூணாம் நாளே ஜீப்புக்குக் கழட்டிட்டாய்ங்க. ஒனக்கு எண்ணு வேணும். எழுதித் தந்தேன். வரிக்கு ஒண்ணு தப்புனா திருந்தும்னு நீதான சொன்ன?"

"அத்தனையும் பொய்யாண்ணே?"

"பாஸாகணுமா வேணாமா? எவன் இந்தக் குளிருல வந்து பாக்கப் போறான்?"

சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் படிப்பு அவருக்கு — என்ன? நான் அழாமல் இருக்கக் கையில் கொடுத்த பொம்மையா?

19 அக்டோபர்

நாற்பது தாள்களும் பொய் என்று மதுரையில் என் ஆய்வு வழிகாட்டிக்கு எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். அஞ்சலில் போட்டுவிட்டேன்.

24 அக்டோபர்

வேறு பேட்டரி. பெட்டி இருக்கும் அறையிலேயே தங்கியிருக்கிறேன். நான் எழுதுகிறேன், கீழே அன்னக்கொடி அழுத்துகிறாள். அனுப்ப வேண்டியதை அவளுக்கு வரிக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கொண்டைஊசி வளைவில் ஜீப்பு உறுமி ஏற, அதன் எஞ்சின் பொறி வயர்லெஸ்ஸில் கரகரத்தது. தொடர்ந்து ஏழு எண்கள் தவறின, ஒரே வரியில். காவல் எண்களும் சேர்ந்து போயின.

குறியீடு தோற்றது. இது என் தோல்வி. யாரும் எனக்காக எழுதித் தராதது.

29 அக்டோபர்

துண்டுத் தாள் தீர்ந்ததால், பதினைந்து வரிகளையும் கிட்டங்கியின் எடைத் தாள் ஒன்றில் எழுதி அன்னக்கொடிக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். இன்று ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீ தந்த தாளுதான் தாயி. மேலருந்து கீழ அழுத்துனேன். எடைய அப்பிடித்தான எழுதுவோம்? குறுக்க எவளாச்சும் எழுதுவாளா?"

வந்ததை மேலிருந்து கீழாகவே எழுதி, குறுக்கே படித்துப் பார்த்தேன். இன்றும் ஜீப்பு ஏறியது. ஒன்பது எண்களைத் தின்றது. ஆனால் ஒன்பது வரிகளில், வரிக்கு ஒன்றாக.

எல்லாம் திருந்தின.

பாடப் புத்தகத்தில் இது ஒரு பக்கம் இருக்கிறது. தேர்வுக்கு வராது என்று புரட்டிப் போன பக்கம்.

2 நவம்பர்

வழிகாட்டியின் அஞ்சலட்டை: "முப்பது நாள், உண்மையானவை, போதும்."

27 நவம்பர், ஞாயிறு

எடைத் தாள் நாளிலிருந்து எண்ணி முப்பதாம் நாள். இடி. காவலைக் கூட்டி, மேலிருந்து கீழாக அனுப்பச் சொன்னேன். பிழைகள் சிதறி விழுந்தன.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். "சாப்டியா?" உள்ளே வந்து தாளைப் பார்த்தார். வரிக்கு ஒன்று.

"நான் எழுதுனது மாதிரியேதான இருக்கு."

"ஆமாண்ணே."

அப்படியேதான் இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆய்வேட்டுக்கு முப்பது நாள் போதும்; ஆனாலும் நாளைக்குப் போடியில் அடுத்த சோதனை. அதற்கான எண்களின் நகல் மேசை மேல் கிடந்தது. மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.